ஒற்றைக் கோடு

பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு டம்ளர் மோர் கொடுப்பது என் வழக்கம், இன்ஸ்பெக்டர் சார். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு நிற்பார்கள்; சிறுநீர் வராது. அதட்டக் கூடாது. மோர் குடித்துவிட்டுச் சற்று உட்கார்ந்தால் தானாக வரும். பெரம்பலூர் பக்கத்து மறுவாழ்வு இல்லத்தில் ஆறு வருடமாக நான்தான் லேப் பார்க்கிறேன். லீலாவதி முகம் சுளித்தாள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

பூவரசனுக்கும் மோர் கொடுத்தேன். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். தூக்கம் வராமலிருக்க டிரைவர்களிடம் விற்கிற போலி மாத்திரைக்கு அடிமையாகி எங்களிடம் வந்தார். மூன்று பரிசோதனை சுத்தமாக வந்தால் இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். அவருக்கு இரண்டு முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஜெயங்கொண்டத்தில் மகளுக்குக் காதுகுத்து.

"தாய்மாமன் மடியில உக்கார மாட்டேங்குதுக்கா பாப்பா. எம் மடிதான் வேணுமாம். மச்சான் இப்பவே மொறைக்கிறான்," என்று சிரித்தார்.

எனக்குத் தெரிந்த சிரிப்பு அது. என் தம்பி கலைவாணனும் லாரிதான் ஓட்டினான். அவனுடைய பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. இரண்டு கோடென்றால் போதை இல்லை. ஒற்றைக் கோடென்றால் உண்டு. 'இல்லை' என்று எழுதி நான்தான் அவனை வீட்டுக்கு அனுப்பினேன். நாலாம் நாள் லாரியோடு கவிழ்ந்து செத்தான். சட்டைப்பையில் மாத்திரை இருந்தது. போலி மாத்திரையில் எதையெதையோ கலக்கிறார்கள். அதெல்லாம் பட்டைக்குத் தெரியாது. அன்றிலிருந்து நான் பட்டையை நம்புவதில்லை. கண்ணைப் பார்ப்பேன். சிரித்துக்கொண்டே பொய் சொல்கிறவர்களைக் கண்டால் என் உள்ளங்கை எரியும்.

பூவரசனுக்கும் இரண்டு கோடுதான். ஆனால் கண் சிவந்திருந்தது. பாப்பாவை நினைத்துத் தூக்கமே வரவில்லை என்றார். தம்பியும் தூக்கமில்லை என்றுதான் சொல்லியிருந்தான்.

ஃப்ரிட்ஜில் ஒற்றைக் கோடு காட்டிய வேறொருவரின் சிறுநீர் இருந்தது. புதுப் பட்டை ஒன்றை அதில் நனைத்தேன். பூவரசன் பெயரை எழுதி டாக்டர் மேசையில் வைத்தேன்.

அழைத்துப்போக வந்த அவர் மனைவி ஜெயலட்சுமி பட்டையைப் பார்த்தார். "புள்ள மேல சத்தியம் பண்ணியேய்யா," என்றார். அவ்வளவுதான். பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பூவரசன் நேராக என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"எடுக்காமயே எடுத்தவனாயிட்டேன்க்கா. இனிமே எடுத்தா என்ன?"

மோர் கொடுத்தேன். குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் சுவர் ஏறிப் போனார். காது குத்தி முடித்துப் பந்தி போடுகிற நேரத்தில், அரியலூரில் நின்றிருந்த ஒரு லாரிக்குள் அவரைப் பிணமாகக் கண்டெடுத்தார்கள். சட்டைப்பையில் மாத்திரை இருந்ததாம். நான் நினைத்தது சரிதானே.

எந்த மாதிரியிலும் பாதியை சீல் வைத்து எடுத்துவைப்பது எங்கள் நடைமுறை. அவருடையதையும் ஒழுங்காக எடுத்துவைத்தேன். அதில் நான் கைவைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். அதைத்தான் நீங்கள் சென்னைக்கு அனுப்பினீர்கள். அங்கே பெரிய மெஷினில் போட்டுப் பார்த்தும் எந்த மருந்தும் இல்லை, மனிதர் சுத்தமாகத்தான் இருந்தார் என்கிறீர்கள்.

பட்டையை மாற்றியது நான்தான், சார். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மெஷினும் தவறலாம். தினமும் விளக்கேற்றும்போது பூவரசனுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன், என்னிடம் சொன்ன பொய்யைச் சாமி மன்னிக்கட்டும் என்று.