அக்காவுக்கும் ஒரு கண்ணாடி

உட்கார்ந்தே சொல்கிறேன் டாக்டர், முட்டிவலி. மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை பார்த்தவன் நான்.

எனக்கு இரட்டைப் பிள்ளைகள். ஏழு நிமிடம் முந்திப் பிறந்தவள் பெண், அடுத்தவன் பையன். இரட்டை என்று பெயர்தான். அவள் ஒன்பதாவது மாதத்திலேயே நடந்தாள். அவன் ஒன்றரை வயதுவரை இடுப்பை விட்டு இறங்கவில்லை. பந்தை எறிந்தால் அவள் பிடிப்பாள், அவன் மூக்கில் வாங்குவான். அதற்காக நான் ஒருநாளும் பாரபட்சம் பார்த்ததில்லை. பென்சில் வாங்கினாலும் இரண்டுதான்.

ஒன்பது வயதில் அவனுக்குக் கிட்டப்பார்வை வந்தது. மைனஸ் இரண்டு. வகுப்பே 'சோடாபுட்டி' என்று கூப்பிட்டது. அழுதுகொண்டே வந்தான்.

"எனக்கு மட்டும் ஏன்ப்பா? அக்காவுக்கு ஏன் இல்ல?"

நியாயமான கேள்வி. மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலமே இன்னொரு ஜோடி லென்ஸ் தேய்த்தேன். அதே மைனஸ் இரண்டு. பிரேம் மட்டும் ரோஸ் நிறம், பெண் பிள்ளையாயிற்றே.

அவளை நாற்காலியில் உட்காரவைத்து முறைப்படிதான் சோதித்தேன். கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தாள். "உனக்கும் பார்வை கொஞ்சம் கம்மிதான் கண்ணு" என்றேன். நம்பினாள். அப்பாவே கண்ணாடிக்காரன், வேறு யாரிடம் போய்க் கேட்பாள்?

"தலை வலிக்குதுப்பா" என்பாள். "பழகிடும்மா" என்பேன்.

அவனுக்குப் பவர் ஏறும்போதெல்லாம் அவளுக்கும் ஏற்றினேன். பந்தாட்டத்தை அவளாகவே விட்டுவிட்டாள். முதல் ரேங்க் வாங்கியவள் பதினான்காவதுக்கு வந்தாள், அவன் பதினைந்து. வீட்டில் சண்டை சச்சரவே கிடையாது. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன மாதம் இருவருக்கும் பதினெட்டு முடிந்தது. உங்களிடமே அவனுக்கு ஆபரேஷன் செய்து கண்ணாடியைக் கழற்றினோம். நான் செய்த தப்பு அதுதான். "எது செஞ்சாலும் ரெண்டு பேருக்கும் செய்வீங்களேப்பா, எனக்கும் பண்ணுங்க" என்று பிடித்துக்கொண்டாள். ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன். நேற்று தனியாகவே இங்கே வந்துவிட்டாள்.

கண்ணாடியைக் கழற்றச் சொன்னதும், கண் சோதிக்கும் பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரைக்கூட வாசித்தாளாமே.

ஆமாம், அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லையென்று ஒன்பது வருடமாக எனக்குத் தெரியும். தம்பிக்கே கண்ணாடி போன பிறகும் இவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். பாரபட்சமெல்லாம் இல்லை டாக்டர். அவன் இப்போதுதான் முதல்முறையாக அவளை முந்தியிருக்கிறான். கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று பார்த்தேன்.