டெல்மருக்கு நிழல்

வெள்ளைத் துணி வாங்குவதா, பச்சைக் கோடு போட்டது வாங்குவதா என்று யோசிக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. பச்சைக் கோடு அழுக்கைக் காட்டாது. அரிசோனாப் புழுதிக்கு அதுதான் சரி. நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தானே தம்பி, உங்களுக்கே தெரியும்.

நாங்கள் ஓட்டிப் போய் அதிலேயே குடியிருக்கிற வண்டிவீட்டின் பக்கவாட்டில் இழுத்து விரிக்கிற நிழல்துணி சில வருஷமாகவே கிழிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் டெல்மர் அதை மாற்ற விடவில்லை. கிழிந்த இடத்திலெல்லாம் வெள்ளி நிற டேப்பை ஒட்டினார். டேப் கிழிந்தால் டேப்பின் மேல் டேப். கல்யாணமானதிலிருந்தே அப்படித்தான். குழாய் ஒழுகினால் டேப். என் மூக்குக்கண்ணாடி உடைந்தால் டேப். இரண்டு முறை நான் புதுத் துணி வாங்கி வந்தேன். இரண்டு முறையும் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு டேப் வாங்கி வந்தார்.

நான் கத்தவில்லை. நான் கத்துகிற ஆள் இல்லை. வண்டிவீடுகள் நிற்கிற இந்த முகாமில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

குளிர்காலத்துக்கு இங்கே வருகிறவர்கள் ஏப்ரலில் வடக்கே கிளம்பிவிடுவார்கள். பக்கத்து வண்டி க்ளைடு கிளம்பும்போது, "ஓபல், இந்த ஆளு ஒருநாள் உன்னையும் டேப்பால சுத்திடுவான், பாத்துக்கோ," என்றார்.

"சுத்தினா சத்தமாவது குறையும்," என்றார் டெல்மர். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்களால் மட்டும் கிளம்ப முடியவில்லை. வெயிலில் டேப்பின் பசை உருகித் துணியோடு துணி ஒட்டிக்கொண்டது. உருளையில் சுருண்டு உள்ளே போகவில்லை. ஒற்றைச் சிறகு மாதிரி அது நீட்டிக்கொண்டிருக்க, வண்டியை எப்படி நெடுஞ்சாலையில் ஓட்டுவது? அறுத்துப் போடலாம் என்றேன். "நல்ல துணியை எவளாவது அறுப்பாளா? நாளைக்குப் பாக்கலாம்," என்றார். மே வந்தது. முகாமில் நாங்களும் பல்லிகளும்தான் மிச்சம்.

மொன்டானாவில் என் அக்கா ஐனா படுத்த படுக்கையாக இருந்தாள். ஓபல் எங்கே, ஓபல் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். "தனியா ஒரு ரொட்டி வாங்கத் தெரியாது உனக்கு. பஸ்ஸாம்," என்றார். ஐனா போய்விட்டாள். அடக்கத்துக்கும் நான் போகவில்லை.

அந்த வாரம் மூன்றாவது துணியை வரவழைத்தேன். இந்த முறை அவர் அதைக் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. "சரி, மாட்டித் தொலைக்கலாம்," என்றார். என் அக்கா செத்ததற்கு அவர் காட்டிய இரக்கம் அது.

உருளையின் முனையில் முறுக்கேறிய ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. கழற்றுவதற்கு முன்னால் ஒரு இரும்பு ஊசியைச் செருகி அதைப் பூட்ட வேண்டும். ஊசி அகப்படவில்லை. அவர் டேப்பைச் சுற்றினார்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டேப்பின் ஓரம் சூட்டில் உரிந்து வருவதைப் பார்த்தேன். "டெல்மர்," என்று வாயெடுத்தேன்.

"பேசாம ஏணியைப் பிடி."

பேசாமல் பிடித்தேன்.

டேப் விட்டுப்போய் ஸ்பிரிங் அவரை அடித்தது. அவர் சரளைக்கல்லில் மல்லாக்க விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பேச்சு மட்டும் நன்றாக இருந்தது.

"போனை எடு, ஓபல்."

போன் என் ஏப்ரன் பையிலேயே இருந்தது. ஆனால் கிழிசல் வழியாக அவர் முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "இருங்க, முதல்ல நிழல் போட்டுடறேன்," என்றேன்.

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு திட்டினார். திட்டுகிற மனிதருக்கு உயிர்ப்பயம் இல்லை என்றுதான் அர்த்தம். நான் பழைய துணியை அறுத்து இழுத்துப் போட்டேன். இப்போது வெயில் முழுக்க அவர் மேல் விழுந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? பழையதை எடுக்காமல் புதியதை மாட்ட முடியாது.

துணியின் விளிம்பை உருளையில் இருக்கிற நீளப் பள்ளத்தில் நுழைத்து இழுக்க வேண்டும். வழுக்கிப் போக, வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து வைத்திருந்தேன். அவர் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இடது பக்கம் கோணுது. கொஞ்சம் இறக்கு," என்றார். சரியாகத்தான் சொன்னார். இறக்கினேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

அப்புறம் தண்ணீர் கேட்டார். "இது சோப்புத் தண்ணி. வயித்துக்கு ஆகாது," என்றேன். பிறகு யாரையோ அம்மா என்று கூப்பிட்டார். அதற்கப்புறம் குறுக்கே பேசவில்லை.

இரண்டு ஆள் வேலையை ஒருத்தி செய்தால் நேரம் ஆகத்தான் ஆகும். அவசரப்பட்டால் சுருக்கம் விழும். ஸ்பிரிங் போய்விட்டதால் உருளையைக் கயிறு போட்டுக் கட்டினேன். கடைசி முடிச்சைப் போட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

வெயில்தான் அவரைக் கொன்றது என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறாராம். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது, தம்பி. மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். நீங்களே வந்து பார்த்தீர்கள். தலை முதல் கால் வரை அவர் நிழலில்தானே கிடந்தார்.