கிடங்கில் ஓடிய சீனப் படம்

ஐயா, சிரிப்புப் படம் பார்த்தால் எனக்கு உடம்பு வலி தெரியாது. மூட்டை தூக்குகிறவனுக்கு வேறென்ன வேண்டும்.

தியாகதுருகத்தில் நான் வேலை செய்யும் மக்காச்சோளக் கிடங்கு முன்பு சினிமாக் கொட்டகை. அப்போது அங்கே படப்பெட்டி சுமந்தேன். புதுப்படம் வராத நாட்களில் ஒரு பழைய சீனப் படம் போடுவார்கள். குண்டுச் சமையல்காரன் ஒருவன் கோழியைத் துரத்துவான். என் மனைவி கோகிலவாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எங்களுக்குப் படிப்பில்லை. அந்தப் பேச்சு படித்தவனுக்கும் புரியாது. அதனால் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தோம்.

கொட்டகையை மூடியபோது அந்தப் பெட்டியைக் கேட்டு யாரும் வரவில்லை. மாடியில் மெஷின் ரூமிலேயே, படம் ஓட்டும் மெஷினோடு கிடந்தது. கோகிலவாணி செத்த பிறகு ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். படம் கரகரத்தது. கோழி ஓடும் இடத்தில், அந்தக் கரகரப்புக்குள் அவள் சிரித்தாள். அதிலிருந்து வேலை முடிந்ததும் ஓட்டுவேன்.

பழைய படங்கள் சேர்க்கும் அருள்மொழி என்பவர் எப்படியோ கேள்விப்பட்டுச் சென்னையிலிருந்து வந்தார்.

“இன்னாத்துக்கு சார் இதுக்குப் போயி இம்மாந்தூரம்?”

“சீனச் சண்டைப் படம் எல்லார்கிட்டயும் கீதுண்ணே. சிரிப்புப் படத்தைக் குப்பைல போட்டுட்டானுங்க. எவனும் சீண்டாதது நம்ம கைல இருந்தா, அது ஒரு போதை.”

நல்ல மனிதர். கோழியைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு, “ஒங்க மொதலாளி எடுத்துக்கச் சொல்லிட்டாருண்ணே. இந்தக் கரகரப்பு மொத்தத்தையும் எடுத்துட்டா புதுசாயிடும்” என்றார்.

இன்னொரு தடவை பார்க்க ஆசைப்பட்டார். ஓட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். அன்று சோளத்துக்கு வண்டு மாத்திரை, அந்த விஷவாயு மாத்திரை, வைக்கும் நாள். மாத்திரையை வைத்து, கதவைச் சாத்தி, இடுக்கில் சேறு பூசுவோம், காற்றுகூடப் புகாது. அதற்கு முன்னால் உள்ளே ஆள் இருக்கிறதா என்று குரல் கொடுப்பது வழக்கம். நானும் கொடுத்தேன். மெதுவாகக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கெடுக்க மனம் வரவில்லை.

பிறகு அவர் உள்ளேயிருந்து கதவைத் தட்டினார். தட்டுவது நிற்கும்வரை வெளியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கொலை என்று எழுதுகிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஆசைப்பட்ட படத்தோடுதான் அவரை விட்டேன்.

கதவைத் திறந்ததும் மேலே போய்ப் படத்தை ஓட்டினேன். கோழி ஓடியது. அவள் சிரிக்கவில்லை. கரகரப்புக்குள் ஓர் ஆண்குரல் இருமிக்கொண்டிருந்தது. கோகிலவாணிக்குப் புது ஆள் என்றால் கூச்சம், ஐயா. அந்த இருமல் நின்றதும் சிரிப்பாள்.