என் தோளுக்குப் பின்னால் வந்தவன்

காலை ஆறு பத்து. மலைச்சரிவில் மேலே ஓடுகிறோம். என் முதுகில் வயர்லெஸ் பேட்டரி. மேல் பங்கரில் மூன்று பேர் அடிபட்டுக் கிடக்கிறார்கள். அவர்களுடைய வயர்லெஸ் செத்துவிட்டது. இது போய்ச் சேர்ந்தால்தான் உதவி வரும். தலைக்கு மேல் விசில் சத்தம். அது நின்றால் குண்டு பக்கத்தில் விழும். நின்றது.

"படு!"

கத்திக்கொண்டே படுத்தேன். எழுந்தேன். திரும்பிப் பார்க்கிறேன். செல்வராசு என் இடது தோளுக்கு நாலடி பின்னால். இருபதடி தள்ளி வர வேண்டும். அதுதான் உத்தரவு. ஒரே குண்டுக்கு இரண்டு பேர் போகக் கூடாது.

"தள்ளி வாடா!"

வரவில்லை. தள்ளி ஓட அவனுக்குத் தெரியாது. நாட்டுக்காக ரக்பி ஆடிய ஆரம்பகால அணியில் நாங்கள் இருவரும் இருந்தோம். ரக்பியில் பந்தை முன்னால் எறியக் கூடாது. பின்னால்தான் கொடுக்க வேண்டும். அதனால் பந்து வைத்திருப்பவன் தோளை ஒட்டியே ஒருவன் ஓடி வருவான். எனக்கு அவன். பட்டாளத்திலிருந்து லீவில் வந்தால் ஊரில், நீடாமங்கலத்தில், அறுப்பு முடிந்த வயலில் இதையேதான் ஓடுவோம். முன்னால் ஓடிக்கொண்டு பின்னால் எறிகிறார்களே என்று வரப்பில் நின்று சிரிப்பார்கள்.

அந்தப் பழக்கம் அவனைக் கொன்றது.

ஆறு பன்னிரண்டு. அடுத்த குண்டு. சத்தமே கேட்கவில்லை. மண் மட்டும் விழுந்தது. அவன் குப்புறக் கிடந்தான். இரண்டு கையும் என் பக்கம் நீட்டியிருந்தது. நான் நிற்கவில்லை. மேலே ஓடினேன்.

பங்கரில் பேட்டரியை மாட்டினேன். விளக்கு எரியவில்லை. சார்ஜ் ஏற்றாத பேட்டரி. ஸ்டோரில் இருந்தவன் பார்க்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறான். நானும் பார்க்காமல் வாங்கியிருக்கிறேன். யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை.

செல்வராசு படித்த பள்ளியில் வருஷா வருஷம் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். பேனரில் அவனைக் 'கபடி வீரர்' என்று போடுகிறார்கள். எதிரிமேல் பாய்ந்து உயிர்விட்டான் என்று சொல்லச் சொல்கிறார்கள். சொல்லியிருக்கிறேன். வெட்கக்கேடு. மேடை ஏறுமுன் தலைமையாசிரியரிடம் உண்மையில் நடந்ததைச் சொல்லி, இந்த வருஷம் அதைத்தான் பேசுவேன் என்றேன். பேட்டரி விஷயமெல்லாம் பிள்ளைகள் முன்னால் எதற்கு என்றார் அவர். முன்வரிசையில் அவன் மனைவி அமுதா இருந்தாள். என்ன பேட்டரி என்று கேட்டாள். அவளிடமும் நான் சொன்னதில்லை. கோழை. பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் சொன்னேன். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மேல போயி சொல்லுங்கண்ணே. என்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா?"

மைக்கில் சொன்னேன். இங்கே எழுதியும் வைக்கிறேன்.

என் இடது காது போனது. செல்வராசு போனான், வயது இருபத்தேழு. பங்கரில் இருந்த மூன்று பேரும் மதியத்துக்குள் ஒவ்வொருவராகப் போனார்கள். மொத்தம் நான்கு உயிர்.

வேலை போனவர் யாருமில்லை.