மூன்றாம் மாடி ஏறாத முப்பத்தொரு கையெழுத்துகள்

களப்பணி ஒருங்கிணைப்பாளர் அம்மா அவர்களுக்கு, பணி நிறைவு நாளில், சமூகப்பணி இளங்கலைத் துறையினர் வாசித்தளிக்கும் மடல்

முப்பத்து நான்கு ஆண்டுகள் மாணவர்களை வகுப்பறையிலிருந்து வீதிக்கு இழுத்துச் சென்றவரே! குடையை மறந்தாலும் பதிவேட்டை மறவாதவரே! ‘மறுபடி போ மேடம்’ என்று முதுகுக்குப் பின்னால் சூட்டிய பெயரைக் கேட்டும் கேளாதவர்போல் நடந்தவரே! வணக்கம்.

உங்களுக்காக வேறொரு மடல் அச்சடித்து, கண்ணாடிச் சட்டமும் போட்டிருந்தோம். அதில் நீங்கள் கலங்கரை விளக்கு, ஆலமரம், வற்றாத அருவி. அதைப் படிக்க வாய் வரவில்லை. நாளை காலை நீங்கள் பல்கலைக்கழக விசாரணைக் குழுவின் முன் உட்காரப் போகிறீர்கள். நேற்று மாலைவரை எங்கள் முடிவு, உங்களைத் தனியாக அனுப்புவது.

அவை அறிய நடந்ததைச் சொல்கிறோம்.

பதினைந்து நாள்களுக்கு முன், பொறுப்பை ஒப்படைக்கும்போது, இளம் விரிவுரையாளருக்கு நல்ல களப்பணிப் பதிவேடு ஒன்றைக் காட்ட அலமாரியைத் திறந்தீர்கள். கால் செயலிழந்த தையல்காரர், தாயில்லாத மகள், எட்டாம் வகுப்பு. அடுத்த பதிவேட்டிலும் அதே குடும்பம். போன ஆண்டு அடுக்கிலும் அதே. சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்கள்: “ஆறு வருஷமா இந்தப் பொண்ணு எட்டாவதே படிக்குதே, நம்மாள் ஒருத்தராவது டியூஷன் எடுக்கக் கூடாதா?” நாங்களும் சிரித்தோம். முப்பத்தொன்று வரை எண்ணி முடித்தபோது அறையில் யாரும் சிரிக்கவில்லை.

முப்பத்தொரு பதிவேடுகளிலும் அந்தத் தையல்காரருக்குச் சக்கர நாற்காலி வாங்கித் தரப்பட்டிருந்தது, முதலாவதைத் தவிர. முப்பத்தொன்றிலும் எங்கள் கையெழுத்து. அதன் மேல் உங்கள் கையெழுத்து.

அன்றே விரிவுரையாளரை அழைத்துக்கொண்டு முகவரியைத் தேடிப் போனீர்கள். வீடு மூன்றாம் மாடியில். தோள் இடிக்கும் படிக்கட்டு, லிஃப்ட் இல்லை. அங்கே சக்கர நாற்காலியை எங்கே உருட்டுவது என்று முப்பது முறை எழுதியவருக்கும் தோன்றவில்லை, கையெழுத்திட்டவருக்கும் தோன்றவில்லை.

தையல்காரர் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கி, “காலேஜா? வாங்க, வாங்க. ஆறு வருஷம்தான் லேட்டு. பசங்க அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா வெளிய நிக்க வைப்பீங்களாமே?” என்றாராம். அவர் நாற்காலி கேட்கவே இல்லை. கேட்டது ஒன்றுதான்: ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில் தகப்பன் பள்ளிக்கு நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்கிறார்கள், என்னால் இறங்க முடியாது, படிவத்தை யாராவது மேலே கொண்டுவாருங்கள். முதல் பதிவேட்டின் பதினேழாம் பக்கத்தில் அது தெளிவாக இருக்கிறது. நாங்கள் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்ப்பவர்கள்.

அந்த மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாளாம்: “அந்த அண்ணன் மறுபடி வர்றேன்னாரு. நானும் ரெண்டு மாசம் புத்தகப் பையைக் கட்டியே வெச்சிருந்தேன். இப்ப எதுக்கு மேடம்?”

முதல் பதிவேட்டை எழுதிய அந்த அண்ணன் அதே ஆண்டு படிப்பை விட்டார். ஏன் என்று துறையில் எவரும் கேட்கவில்லை. இன்று இதே கல்லூரியில் இரவுக் காவலர். உங்களுக்கான மடலை யார் எழுதலாம் என்று கேட்டபோது நீங்கள் கைகாட்டியது அவரைத்தான்; இதை எழுதியவர் அவரே. அந்த வீட்டுக்கு மறுபடி போகாததற்கு அவரிடமும் நல்ல காரணம் இல்லை.

நகல் எடுத்த இவ்வாண்டு மாணவர் மூவரையும் அழைத்துக் கேட்டீர்கள். “எங்களை அனுப்பின ஆபீஸ்ல ரெண்டு மாசம் கவர்தான் ஒட்டினோம் மேடம். ஒரு வீட்டையும் காட்டல. கேட்டா, சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுன்னாங்க.” பொய் இல்லை. இருபது பேர் சேர்ந்த துறையில் இப்போது நூற்றிருபது பேர். களம் தரும் நிறுவனங்கள் அதே ஒன்பது. வழிகாட்டும் ஆசிரியர்கள் நால்வர். இடமில்லை என்று நாங்கள் எழுதியிருக்க வேண்டும். கையெழுத்து போடுவது சுலபமாக இருந்தது.

முதல்வர் உங்களிடம், “போற நேரத்துல எதுக்கும்மா வம்பு? அந்த மூணு பேர் தேர்ச்சிச் சான்றுல கையெழுத்து, போட்டுட்டு நிம்மதியாப் போங்க” என்றார். நீங்கள் போடவில்லை. மூவரையும் தோற்கடிக்கவும் இல்லை. உண்மையான வீடுகளுக்கு இனிமேலாவது போகட்டும் என்று தேர்ச்சியை மூன்று மாதம் நிறுத்திவைத்தீர்கள். பிறகு, முப்பத்தொன்றிலும் இறுதிக் கையெழுத்து என்னுடையது என்று நீங்களே பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டீர்கள். எங்கள் பெயர் ஒன்றுகூட அக்கடிதத்தில் இல்லை.

அதைப் பார்த்து நாங்கள் பெருமூச்சு விட்டோம் அம்மா. தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. நேற்று மாலை அந்தப் பெருமூச்சை நினைத்தபோது எங்களுக்கே தூக்கிவாரிப் போட்டது.

வாய்மை வழுவாதவர் என்று உங்களைப் பாராட்ட மாட்டோம். ஆறு ஆண்டுகள் வழுவினீர்கள். கண்டதும் படியேறியவர் என்று பாராட்டுகிறோம். இத்துறையில் அப்படி ஒருவர் இருந்தார் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு இந்தப் பதினைந்து நாள்தான் கிடைத்திருக்கிறது.

உடல் நலத்தோடு, மூட்டு வலியில்லாமல், நெடுநாள் வாழுங்கள். நாளைய கூட்டத்தில் துறையின் அங்கீகாரம் போனாலும் போகட்டும். இம்மடலின் ஒரு படி விசாரணைக் குழுவுக்கு இன்று காலையே அனுப்பப்பட்டது. நாளை பத்து மணிக்கு அந்த அறைக்கு வெளியே ஐந்து நாற்காலி போடச் சொல்லியிருக்கிறோம்: நான்கு எங்களுக்கு, ஐந்தாவது இதை எழுதியவருக்கு.

இங்ஙனம், முழுதும் படித்துவிட்டுக் கையெழுத்திடுவோர், அவரவர் படிக்காமல் கையெழுத்திட்ட எண்ணிக்கையுடன்:

துறைத்தலைவர்: பன்னிரண்டு.
மூத்த விரிவுரையாளர்: ஒன்பது.
பகுதிநேர விரிவுரையாளர்: ஏழு.
இளம் விரிவுரையாளர், பணியில் சேர்ந்து ஏழு மாதம்: மூன்று.