பதினொரு படங்கள்

அத்தை வீட்டுக் கம்ப்யூட்டர் கிளம்ப நேரமாகும். மழைக்காலத்தில் உள்ளே இருக்கும் விசிறி கொஞ்சம் இரைந்துவிட்டுத்தான் ஓடும். அவசரப்படுத்தக் கூடாது.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட வருடம், அரவேணுவில் தபித்தாள் அத்தை வீட்டுக்கு வந்தேன். அத்தை மகள் எல்சாவுக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரே சாடை என்று சர்ச்சில் சொல்வார்கள். அவளுக்கு மட்டும் மூச்சிரைப்பு உண்டு.

போன ஜூலையில், வீட்டுப் படங்களை ஒழுங்குபடுத்தும் புரோகிராம் ஒன்றை எல்சா போட்டாள். அத்தை மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். முதல் தடவை திறந்ததும் அது படம் படமாகத் தேடி, ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு வட்டத்தில் சேர்த்தது. பெயர் நாம் கொடுக்க வேண்டும். எல்சாவின் வட்டத்தில் இரண்டாயிரத்துக்கு மேல். என்னுடையதில் பதினொன்று. அதிலும் எட்டில் பாதி முகம்தான்.

"ஏன்டி லிஜி, கேக் தட்டப் புடிச்சுட்டு நிக்கறது நீயா? நான் எவளோன்னு நெனச்சேன். பேரு வெக்கட்டுமா, மறைச்சுப் போடட்டுமா?"

மறைத்தாள். சிரித்தாள். சிரித்த சிரிப்பில் இரைப்பு வந்துவிட்டது. மருந்து பம்ப் கீபோர்டு பக்கத்தில் இருந்தது. எடுத்து என் ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கோபமெல்லாம் இல்லை. திரையில் தேடல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அறுபத்திரண்டு சதவீதம் என்றிருந்தது. முடியட்டும் என்று பார்த்தேன்.

"குடுடி... லிஜி..."

தொண்ணூறு வரும்போது என் கையை விட்டுவிட்டாள்.

அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை. அடக்கம் முடிந்ததிலிருந்து, மத்தியானம் சாப்பிட்டதும் பக்கத்தில் வந்து உட்காருவார். "எம்புள்ளயக் காட்டு, கண்ணு." திறப்பேன். மறைத்த வட்டத்தை மீட்டு அதற்கும் எல்சா என்று பெயர் கொடுத்தேன். இருவரும் ஒருவரா என்று புரோகிராம் கேட்டது. ஆம் என்றேன்.

அதன்பிறகு அது குழம்பிவிட்டது. திறக்கும்போதெல்லாம், ஞாயிறுபள்ளி நாடகத்தில் தேவதை உடுப்போடு எல்சா நிற்கும் படத்தைக் காட்டி, இது எல்சாவா என்று கேட்கிறது. இல்லை என்று அழுத்துகிறேன். மறுநாள் அதே படம், அதே கண்கள்.

நேற்று அத்தை திரையைத் தடவினார். "கேக் தட்டோட நிக்கறது எல்சாதானே?"

"ஆமாங்கத்தே."

சாயங்காலம் சமையலறையிலிருந்து, "எல்சா, லைட்டப் போடு சாமி" என்று கூப்பிட்டார். போய்ப் போட்டேன்.

யாருடைய பொருளையும் நான் எடுத்து வைத்துக்கொண்டதில்லை. அந்த பம்பைக்கூட அன்றைக்கே அவள் கைப்பக்கத்தில் திருப்பி வைத்துவிட்டேன்.