பன்னிரண்டாவது ஜன்னல்

பிளாஸ்டிக் தகட்டில் ஜன்னல் வெட்டப் பெரிய மூளை வேண்டியதில்லை, ஐயா. மூலையில் கத்தி முனையை வைத்து நடுப்பக்கம் இழுக்க வேண்டும். நடுவிலிருந்து மூலைக்கு இழுத்தால் கத்தி கோட்டைத் தாண்டி ஓடிவிடும். பென்சில் கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே வெட்டி, மீதியை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். இவ்வளவுதான்.

என் மச்சினனுக்கு இது ஆறு வருஷமாக ஏறவில்லை.

வேலை போனதிலிருந்து அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். நான் பொம்மை ரயிலுக்குக் கட்டடம் செய்வதைப் பார்த்து அவனும் தொடங்கினான். அவன் செய்த சரக்குக் கொட்டகையில் ஒரு ஜன்னலாவது நேராக இல்லை. தாண்டிய வெட்டுகளையெல்லாம் பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் பூசியிருந்தான். வாசலில் தூங்கும் கூலியாள் ஒருவன், ஜன்னலில் காயும் சட்டை ஒன்று. கண்காட்சியில் கூட்டம் அதைத்தான் மொய்த்தது. முதல் பரிசும் அதற்கே. நடுவர்களின் லட்சணம் அப்படி.

அங்கே நான் செய்து வைத்திருந்த ரயில் நிலையத்தின் முன்னால் ஓர் அம்மாள் நின்றாள். "அழகாத்தான் இருக்கு. ஆனா ஆளே இல்லையே, பூட்டிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவன் என் அறைக்கு வந்தான். என் மனைவி கடைக்குப் போயிருந்தாள்.

"மாமா, பரிசு கெடக்கட்டும். உங்க ஜன்னல் மாதிரி எனக்கு வரவே மாட்டேங்குது. பக்கத்துல உக்காந்து சொல்லித் தாங்களேன்."

சொல்லிக்கொடுத்தேன். பன்னிரண்டு ஜன்னல் உள்ள சுவர். அவனுக்கு ஆஸ்துமா. அரத்தூள் ஆகாது என்பதால் எப்போதும் மின்விசிறியை ஓடவிட்டு, அறை ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் தேய்ப்பான். தூள் பறந்து வேலை கெடுகிறதென்று நான் விசிறியை நிறுத்தி அறை ஜன்னலைச் சாத்தினேன். அவன் கைகழுவப் போனபோது, நாற்காலியில் தொங்கிய சட்டையிலிருந்து மருந்துக் குழலை எடுத்து என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

பதினோராவது ஜன்னலில் இருமல் வந்தது. பன்னிரண்டாவதில் கத்தி கையிலிருந்து விழுந்தது. சட்டைப் பையைத் துழாவினான்.

"மாமா... மருந்து... காணோம்..."

"இந்த மூலையை முடிச்சிட்டுத் தேடித் தரேன்" என்று சொல்லி, விழுந்த கத்தியை எடுத்து நானே வெட்டினேன்.

ஒரு ஜன்னலுக்கு நான்கு மூலை, ஐயா. நான் எதையும் அவசரமாகச் செய்கிறவன் இல்லை. அவன் என் முழங்காலைப் பிடித்திருந்தான், அதில் வெட்டும் என் கை ஆடியது. அதனால் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத் தொடர்ந்தேன். நான்காவது மூலை முடிந்தபோது அறை அமைதியாக இருந்தது. பிறகு குழலை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் பொறாமையால் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். ஒரு ஜன்னலை ஒழுங்காக வெட்டத் தெரியாதவனிடம் நான் பொறாமைப்பட என்ன இருக்கிறது?